மண் இல்லாத உச்சி: கினபாலு மலையைப் பாறை பாறையாகப் படித்து ஏற ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர்த் தமிழர்களின் நடைக்குழுக்களில், மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலைக்குப் போகும் பயணம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. எந்தக் காலணி வாங்குவது, எத்தனை அடுக்கு உடை எடுத்துச் செல்வது, வீவக புளோக்கின் படிக்கட்டுகளில் எத்தனை மாடி ஏறிப் பழகுவது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. காலுக்கு அடியில் இருப்பது என்ன பாறை, அது எப்படி அங்கே வந்தது, ஓரிடத்தில் அடர்காடும் அடுத்த இடத்தில் குள்ள மரங்களும் அதற்கு மேலே வெறும் பாறையும் இருப்பது ஏன் என்பதைச் சொல்லித்தர ஆள் குறைவு. முதன்முறை போகிறவர்களுக்காக, அந்த ஒரு பக்கத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நிலவியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இங்கே மண் இருக்கிறதா? இருந்தால் எப்படிப்பட்ட மண்? இல்லையென்றால் எங்கே போயிற்று? நுழைவாயில் முதல் உச்சிவரை இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நடந்தால், மலை தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும்.

புறப்படும் முன் மனத்திலிருந்து நீக்க வேண்டியவை

கினபாலு எரிமலை அன்று. தனித்து ஓங்கி நிற்பதாலும் அருகில் வெந்நீர் ஊற்று இருப்பதாலும் பலர் அப்படி நினைக்கிறார்கள். எரிமலையில் கற்குழம்பு வெளியே கொட்டி உறைகிறது. கினபாலுவின் கற்குழம்போ தரைக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்து கிரானைட்டாக உறைந்தது. மெதுவாகக் குளிர்ந்ததால்தான் அதன் படிகங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. மேலே மூடியிருந்த பாறைகள் அரித்துப்போனபோதும் நிலம் உயர்ந்தபோதும் அந்த உறைந்த கல் வெளியே வந்தது. நாம் நிற்கும் உச்சி ஒரு காலத்தில் பூமிக்குள் புதைந்திருந்த இடம்.

தென்கிழக்காசியாவின் மிக உயர்ந்த மலை என்பதும் சரியல்ல. 4,095 மீட்டர் உயரமுள்ள இது போர்னியோ தீவிலும் மலேசியாவிலும் மிக உயர்ந்தது. மியன்மாரின் ஹக்காபோ ராசியும் இந்தோனேசியாவின் பாப்புவாவில் உள்ள புஞ்சாக் ஜெயாவும் இதைவிட உயரமானவை. கினபாலுவின் பெருமை வேறு விஷயத்தில் இருக்கிறது. இந்தக் கிரானைட்டின் வயது ஏறக்குறைய 70 முதல் 80 இலட்சம் ஆண்டுகள்தான். நிலவியல் கணக்கில் இது மிகவும் இளம் வயது.

அது ஒரே மூச்சில் வந்த கல்லும் அன்று. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், தட்டையான அடுக்குகளாகப் பல தவணைகளில் நுழைந்திருக்கிறது. ஒவ்வொரு புதிய அடுக்கும் பழையதன் அடியில் புகுந்தது. சுட்ட தோசைகளை அடுக்கும்போது புதியதை எப்போதும் அடியில் செருகினால் எப்படியோ, அப்படி. ஆகவே உச்சியை நோக்கிப் போகப் போக நாம் மூத்த கல்லை நோக்கிப் போகிறோம்.

முதற்படி: புக்கிட் தீமாவில் கண்ணைப் பழக்குங்கள்

கால்களுக்குப் பயிற்சி தரப் பலரும் புக்கிட் தீமாவுக்குப் போகிறார்கள். அதே நடையில் கண்ணுக்கும் பயிற்சி தரலாம். பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே இயற்கை வனப் பகுதியை அடைந்துவிடலாம். 163.63 மீட்டர் உயரமுள்ள இந்தக் குன்றும் கிரானைட்தான். அதன் வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கினபாலுவுக்கு இது பலமடங்கு மூத்த உறவு.

ஆனால் பாதை நெடுகத் தேடினாலும் பாறை அதிகம் கண்ணில் படாது. செம்மண்ணும் வேரும் சருகும்தான். வெப்பமும் மழையும் கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றிவிடுகின்றன. இரும்பு துருவேறி அந்த மண்ணைச் சிவக்க வைக்கிறது. சிங்கப்பூரின் கிரானைட் பகுதிகளில் பல இடங்களில் முப்பது மீட்டருக்கும் மேலான ஆழம்வரை பாறை இப்படி மக்கிப்போயிருக்கிறது. உள்ளே இருக்கும் கல்லைப் பார்க்க வேண்டுமானால் மனிதர் வெட்டிய இடத்துக்குத்தான் போக வேண்டும். குன்றின் அடிவாரத்தில் உள்ள ஹிண்ட்ஹீட் கல்லுடைப்புக் குழியின் பார்வை மேடை அதற்கு ஏற்ற இடம். எதிரே தெரியும் செங்குத்துச் சுவரை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: மரம், அதன் கீழே மண், அதன் கீழே மக்கிய கல், கடைசியில் திடமான கல். இந்த நான்கு அடுக்கின் வரிசையை நினைவில் வையுங்கள். கினபாலுவின் உச்சியில் முதல் மூன்றும் இல்லாமல் நான்காவது மட்டும் கிடைக்கும்.

பாதையோரம் கிரானைட் துண்டு ஏதேனும் கிடந்தால் குனிந்து பாருங்கள். கண்ணாடிபோல் சாம்பல் நிறத்தில் மின்னுவது குவார்ட்ஸ். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்துடன் இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கரும்புள்ளிகள் பெரும்பாலும் பயோட்டைட் என்ற அபிரக வகை அல்லது ஹார்ன்பிளெண்ட். இந்த நான்கையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு வார இறுதி கிடைத்தால் புக்கிட் கோம்பாக் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள 'லிட்டில் குய்லின்' குளத்துக்குப் போய் வாருங்கள். நடுவில் நிற்கும் பாறை பலருக்கும் படம் எடுக்கும் பின்னணி. அது கிரானைட் அன்று. குவார்ட்ஸ் குறைந்த, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கருநிறக் கல். வெளிர்நிறக் கல்லுக்கும் கருநிறக் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கண்ணில் பதித்துக்கொண்டால், கினபாலுவின் நடுப்பகுதியில் அது கைகொடுக்கும். புலாவ் உபினுக்குப் படகில் போகிறவர்கள் அங்குள்ள பழைய கல்லுடைப்புக் குழிகளைத் தவறவிட வேண்டாம். அந்தத் தீவின் கிரானைட்டால்தான் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி 1851-இல் முடித்தார்கள்.

இரண்டாம் படி: அனுமதியும் கைப்பொருள்களும்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு அனுமதிச் சீட்டும் உரிமம் பெற்ற மலை வழிகாட்டியும் கட்டாயம். ஒரு நாளில் ஏற விடப்படுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஏறுவோர் இரவு தங்கும் விடுதிகள் இருக்கும் பனாலாபானில் உள்ள படுக்கைகளே அந்த வரம்பைப் பெரிதும் தீர்மானிப்பதால், பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறைக் காலத்துக்கு இன்னும் முன்னதாக.

வழக்கமான குளிராடை, மழைச்சட்டை, கையுறை, தலைவிளக்கு ஆகியவற்றோடு மூன்று சிறு பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி, ஒரு சிறு காந்தம், பென்சிலும் குறிப்பேடும். ஈரத்தில் பேனா எழுதாது. சுத்தியல் வேண்டாம். 1964-இல் பூங்காவாகவும் 2000-இல் உலக மரபுடைமைத் தலமாகவும் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காவாகவும் ஏற்கப்பட்ட இடம் இது. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக்கூடாது. அதைவிட முக்கியம், இது இப்பகுதியின் பழங்குடியினரான டூசுன் மக்களுக்குப் புனித மலை. அவர்களின் முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம். அங்கே கூச்சலிடுவதையும் பாறையில் பெயர் எழுதுவதையும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: ஒரு நாள் முன்னதாகப் போய், தொலைவில் நின்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் அறிவுரையைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கோத்தா கினபாலுவிலிருந்து பூங்காத் தலைமையகம் ஏறக்குறைய இரண்டு மணி நேரச் சாலைப் பயணம். நள்ளிரவில் வந்திறங்கி விடிந்ததும் ஏறத் தொடங்குகிறவர்கள் மலையின் முழு வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. ஏறும்போது காடும் மேகமும் மறைத்துவிடும். முதல் நாளே வந்து, 1,500 மீட்டருக்கு மேலுள்ள தலைமையகப் பகுதியிலோ அருகிலுள்ள குண்டாசாங் ஊரிலோ தங்குங்கள். உடல் உயரத்துக்குப் பழகவும் அது உதவும்.

அதிகாலையில் எழுந்து பாருங்கள். பத்து மணிக்குள் பெரும்பாலும் மேகம் ஏறிவிடும். மலையின் மேற்பகுதி இரண்டு விதமாகத் தெரியும்: அகலமான, சற்றே சரிந்த, வழவழப்பான பாறைத்தளம், அதன்மேல் ஆங்காங்கே பல்லைப்போல் நீட்டி நிற்கும் கூரிய முனைகள். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பனியுகத்தில், பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் ஆறு பாகையில் உள்ள இந்த உச்சியின்மேல் ஏறக்குறைய 5 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு நிலையான பனிக்கவசம் இருந்தது. அந்தக் கனம் நகர்ந்து நகர்ந்து தனக்குக் கீழே இருந்ததையெல்லாம் தேய்த்து வழித்தது. பனிக்கு மேலே தலைநீட்டி நின்ற முனைகள் தேயவில்லை. உறைந்து உருகும் நீர் அவற்றின் பிளவுகளில் புகுந்து இன்னும் கூர்மையாகப் பிளந்தது. வழவழப்பு எங்கே முடிந்து கரடுமுரடு எங்கே தொடங்குகிறதோ, ஏறத்தாழ அதுதான் பழைய பனியின் மேல்மட்டம். அந்தக் கோட்டைக் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. வரைந்தவர்களுக்கு மறுநாள் மேலே நிற்கும்போது தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும்.

சாலையோர வெட்டுகளையும் கவனியுங்கள். மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பல இடங்களில் அந்த அடுக்குகள் சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும். குரோக்கர் படிவு என்பது இதன் பெயர். ஆழ்கடலின் அடியில் சேறும் மணலும் சரிந்து சரிந்து படிந்தவை இவை. பிறகு நிலத்தட்டுகள் நெருக்கியதில் மடிந்து மலைத்தொடராயின. கிரானைட் பின்னாளில் இவற்றுக்குள் புகுந்த விருந்தாளி.

நான்காம் படி: திம்போஹோன் முதல் லாயாங் லாயாங் வரை

திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 8.7 கி.மீ. அரை கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டிருப்பதால், பார்த்ததை எந்த இடத்தில் பார்த்தோம் என்று எழுதிக்கொள்வது எளிது.

முதல் நான்கு கிலோமீட்டர் குரோக்கர் படிவின்மேல் நடக்கிறது. மஞ்சளும் பழுப்புமான களிமண், உயர்ந்த மரங்கள், பாசி போர்த்திய கிளைகள். பாறையைத் தேடி இங்கே நேரம் செலவிட வேண்டாம். மூச்சைச் சீராக வைத்துக்கொள்வதில் கவனம் செலுத்துங்கள். மண்ணையும் மர உயரத்தையும் மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியில் இரண்டும் மாறும்.

ஐந்தாம் படி: மரங்கள் குள்ளமாகும் இடம்

2,700 மீட்டரில் உள்ள லாயாங் லாயாங்கைச் சுற்றி நடை சட்டென்று வேறு நாட்டுக்குள் நுழைந்ததுபோல் ஆகிவிடும். மண் ஆரஞ்சு நிறமாகிறது. கிளைகள் முறுக்கிக்கொள்கின்றன. இலைகள் சிறுத்துத் தடித்துப்போகின்றன. வானம் திறக்கிறது. "உயரம் கூடிவிட்டது, அதனால் மரம் குட்டையாகிவிட்டது" என்று பெரும்பாலோர் சொல்லிக்கொண்டு நடப்பார்கள். உயரம் ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அன்று. இதைவிட உயரத்தில், பனாலாபானுக்குப் போகும் வழியில், மரங்கள் சில இடங்களில் மறுபடியும் சற்றுத் தழைப்பதைப் பார்க்கலாம். உயரம் மட்டுமே காரணமாக இருந்தால் அப்படி நடக்காது.

காரணம் கல். இங்கே காலடியில் இருப்பது பூமியின் மேலோட்டுக்கும் கீழே, மூடகத்தில் பிறந்த பாறை. பழைய கடல்தரை ஒன்று நிலத்தின்மேல் ஏற்றிவிடப்பட்டபோது அதனுடன் சேர்ந்து வந்தது. நீர் புகுந்து அதன் கனிமங்கள் மாறி, பச்சைநிற வழுக்குக் கல்லாகியிருக்கிறது. செர்ப்பென்டைன் பாறை என்பார்கள். ஈரத்தில் இதன்மேல் கால்வைக்கும்போது எச்சரிக்கை தேவை. சோப்பு தடவியதுபோல் வழுக்கும்.

காந்தத்தை வெளியே எடுக்க வேண்டிய இடம் இதுதான். பாதையில் உதிர்ந்து கிடக்கும் கரும்பச்சைத் துண்டின் அருகே கொண்டுபோங்கள்; பல துண்டுகள் லேசாக இழுபடும். கனிமங்கள் மாறியபோது உண்டான மேக்னடைட்டின் வேலை அது. பிறகு துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இந்தக் கல் மக்கி உண்டாகும் மண்ணில் மக்னீசியமும் நிக்கலும் குரோமியமும் மிகுதி. செடிக்கு வேண்டிய பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகக் குறைவு. சாதாரணக் காட்டு மரத்துக்கு இது பட்டினி நிலம், நச்சு நிலம். இதைத் தாங்கக்கூடிய சில இனங்களே இங்கே நிற்கின்றன. ஏறக்குறைய 5-ஆவது கிலோமீட்டரில் இருக்கும் ஓய்வுக்குடிலுக்கு வில்லோசா என்று பெயர். நெப்பெந்திஸ் வில்லோசா என்ற குடுவைச் செடியை ஒட்டி வைத்த பெயர். மண் தராத சத்தைப் பூச்சியிடமிருந்து பெறக் கற்றுக்கொண்ட செடி அது. விளிம்பில் பல் பல்லாக வரி கொண்ட அந்தக் குடுவை கினபாலுவையும் பக்கத்து மலைகளையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பாதையோரத்தில் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள், தொடாதீர்கள்.

இந்த ஒன்றரைக் கிலோமீட்டரைத்தான் கினபாலுவின் மிகச் சுவையான பகுதி என்று நான் கருதுகிறேன். உச்சியை நினைத்துக்கொண்டு இதை வேகமாகக் கடந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. பாறை மாறினால் காடே மாறும் என்பதை இவ்வளவு தெளிவாக, ஒரு மணி நேர நடைக்குள் காட்டும் இடம் நம் பக்கத்து நாடுகளில் எளிதில் கிடைக்காது.

ஆறாம் படி: கிரானைட் தொடங்குகிறது

பாக்கா குகையை அடையும்போது, ஏறக்குறைய 3,000 மீட்டரைத் தாண்டியதும், கல் வெளுக்கிறது. குகை என்று பெயரே தவிர அது துருத்தி நிற்கும் பெரும்பாறையின் அடிநிழல்தான். விடுதிகள் கட்டப்படாத காலத்தில் ஏறியவர்கள் அங்கேதான் இரவைக் கழித்தார்கள். இங்கே கைக்கண்ணாடியை எடுங்கள். சுற்றியுள்ள கிரானைட்டில் விரல்நகம் அளவுக்கும் அதற்கு மேலும் வளர்ந்த ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், செவ்வகம் செவ்வகமாக, தனித்துத் தெரியும். அவை முன்னதாக உறையத் தொடங்கியவை. மிச்சக் குழம்பு அவற்றைச் சூழ்ந்து பிறகு உறைந்தது.

3,272 மீட்டரில் உள்ள பனாலாபானை அடைந்ததும் உடனே படுத்துவிடாதீர்கள். வெளியே வந்து, விடுதிகளுக்குப் பின்னால் எழும் சாம்பல்நிறப் பாறைச் சுவரைப் பாருங்கள். மதிய மழை பெய்திருந்தால் அந்தச் சுவரில் திடீர் அருவிகள் இறங்கும். மழை நின்றதும் அவையும் நின்றுவிடும். உறிஞ்சி வைத்துக்கொள்ள மேலே மண்ணே இல்லை, அதனால்தான். மேலே நிற்கும்போது மழை பிடித்தால் பாதுகாவலர்கள் ஏன் உடனே இறங்கச் சொல்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும்: பெய்யும் நீர் முழுவதும் நாம் நடக்கும் பாறையின்மேலேயே ஓடும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் இருந்தால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உயர்மலை நோய்க்கு இறங்குவதே முதல் மருந்து.

ஏழாம் படி: இருட்டில் ஏறுங்கள், வெளிச்சத்தில் படியுங்கள்

உச்சிக்கு நள்ளிரவு தாண்டி இரண்டு, இரண்டரை மணி வாக்கில் கிளம்புவார்கள். 3,668 மீட்டரில் சாயாட் சாயாட் சோதனைச்சாவடி. அதன்பின் வெறும் பாறைதான். தலைவிளக்கின் வட்டத்துக்குள் வெள்ளைக் கயிறும் முன்னால் போகிறவரின் குதிகாலும் தவிர எதுவும் தெரியாது. ஆகவே ஏறும்போது எதையும் படிக்க முயல வேண்டாம். கயிற்றை ஒட்டியே நடங்கள். நில அமைப்பைப் படிக்கும் நேரம் இறங்கும்போதுதான். உச்சியில் வரிசையில் நின்று படம் எடுக்கும் நேரத்தைக் குறைத்து அதை இறக்கத்துக்குக் கொடுங்கள். விடுதியைக் காலி செய்ய வேண்டிய நேரத்தை முதல் நாளே கேட்டுவைத்துக்கொண்டு அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

மலையின் மிக உயர்ந்த முனையான லோ உச்சியில் சூரியன் எழுந்ததும் முதலில் பின்பக்கம் பாருங்கள். எச்சரிக்கையாக, தடுப்புக்கு உள்ளேயே நின்று. அங்கே ஆழ்ந்து இறங்குவது லோ பள்ளத்தாக்கு. ஆழமான இடத்தில் ஏறக்குறைய 1,800 மீட்டர். மலையை மேற்குத்தளம், கிழக்குத்தளம் என்று பிளப்பது இதுதான். 1994-இல் இதற்குள் இறங்கிய பிரிட்டிஷ் இராணுவக் குழுவைச் சேர்ந்த ஐவர் வெளியேற முடியாமல் வாரக்கணக்கில் சிக்கிக் கிடந்து மீட்கப்பட்டார்கள். உச்சிக்கும் பள்ளத்தாக்குக்கும் பெயர் கொடுத்த ஹியூ லோ 1851-இல் டூசுன் வழிகாட்டிகளுடன் இந்தப் பாறைத்தளத்துக்கு வந்தவர். ஆனால் மிக உயர்ந்த முனையில் ஏறவில்லை. அதில் ஏறியதாகப் பதிவான முதல் மனிதர், 1888-இல் வந்த ஜான் ஒயிட்ஹெட்.

இறங்கும்போது தேட வேண்டியவற்றை, நான் முக்கியமாகக் கருதும் வரிசையில் சொல்கிறேன்.

பாறை மேடுகளின் வடிவம். ஒரு பக்கம் மெல்லச் சரிந்து வழவழப்பாகவும் மறுபக்கம் பிய்த்து எடுத்ததுபோல் செங்குத்தாகவும் இருக்கும் மேடு கண்ணில் பட்டால், வழவழப்பான பக்கத்திலிருந்து செங்குத்துப் பக்கம் நோக்கிப் பனி நகர்ந்தது என்று பொருள். இரண்டு மூன்று மேடுகளில் திசையைக் குறித்துக்கொண்டால் பனி எந்தப் பக்கமாக வழிந்து இறங்கியது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். மெருகேறிய பாறைப்பரப்பு சில இடங்களில் இன்னும் மிஞ்சியிருக்கிறது; காலைச் சூரியன் சாய்ந்து விழும் நேரத்தில் அது பளபளக்கும்.

பாறைத் தகடுகள். மேற்பரப்புக்கு இணையாகக் கல் தகடு தகடாகப் பிரிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். பல கிலோமீட்டர் கனத்தின் அடியில் அழுந்திக் கிடந்த கல், அந்தச் சுமை நீங்கியதும் விரிகிறது. விரியும்போது மேற்பரப்பு உரிகிறது. கயிற்றுக்கு வெளியே போகக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிற்கும் தகடு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வெண்கோடுகள். கிரானைட்டை ஊடறுத்துப் போகும் வெளிர்நிறக் கோடுகள், கல் உறைந்து பிளந்தபின் மிச்சக் குழம்பு புகுந்து உறைந்தவை. ஒரு கோடு இன்னொன்றை வெட்டிச் சென்றால், வெட்டும் கோடுதான் இளையது. நிலவியலாளர்கள் பாறைகளின் வரிசையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

கடைசியாக, பிளவுகள். பாறைத்தளத்தில் புல்லும் குத்துச்செடியும் நேர்கோட்டில் வளர்ந்திருக்கும். யாரும் நட்டதில்லை. பிளவில் சிக்கிய ஒரு கைப்பிடி மணல்தான் இந்த உயரத்தில் இருக்கும் மண் முழுவதும். பனி பழைய மண்ணை வழித்துப்போய் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. குளிரில் கல் மெதுவாகத்தான் மக்குகிறது. மக்கியதையும் மழை அடித்துச் செல்கிறது. புக்கிட் தீமாவில் முப்பது மீட்டர் மண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அதே வகைக் கல் இங்கே அம்மணமாக நிற்பதன் காரணம் இதுதான்.

இறங்கும் வழியில் 'கழுதைக் காதுகள்' என்ற இரட்டை முனையைக் காண்பீர்கள். அதில் ஒன்று உடைந்திருக்கிறது. 2015 ஜூன் 5 காலை ஏழேகால் மணிக்கு, ரானாவ் ஊரை ஒட்டி மையம் கொண்ட 6.0 அளவிலான நிலநடுக்கம் இந்த மலையை உலுக்கியது. பிளவுகளால் ஏற்கெனவே பிரிந்து நின்ற பாறைகள் கழன்று சரிந்தன. 18 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் சிங்கப்பூரிலிருந்து சென்ற பயணக் குழுவினர்: தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் எழுவர், ஆசிரியர்கள் இருவர், உடன்சென்ற வழிகாட்டி ஒருவர். ஜூன் 8 அன்று நாடே துக்கம் அனுசரித்தது. மலையேறிகளைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர் வழிகாட்டிகளும் இறந்தவர்களில் உண்டு. அந்த இடத்தைக் கடக்கும்போது சற்று நின்று அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுடன் வரும் வழிகாட்டி "இங்கே நிற்காதீர்கள், நகருங்கள்" என்று சொன்னால் மறுபேச்சின்றி நகருங்கள். எந்தச் சரிவில் கல் உருளும் என்பது அவருக்குத் தெரியும்.

எட்டாம் படி: மூன்றாம் நாளை வீணாக்காதீர்கள்

பலர் இறங்கியதும் விமான நிலையத்துக்கு ஓடுகிறார்கள். முடிந்தால் ஒரு நாள் கூடுதலாக இருங்கள். மேலே காணாமற்போன மண்ணும் கல்லும் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை குண்டாசாங்கில் இருக்கிறது. முட்டைக்கோஸும் தக்காளியும் விளையும் அந்தப் பினோசோக் மேட்டுநிலம், பனியும் சேற்றுப் பெருக்கும் மலையிலிருந்து இறக்கிவந்து கொட்டிய குவியலின்மேல் அமைந்தது. தோட்டங்களின் வரப்பிலும் ஓடைக் கரையிலும் சேற்றுக்குள் புதைந்த உருண்டைக் கிரானைட் பாறைகளைத் தேடுங்கள். பாக்காவில் பார்த்த அதே செவ்வகப் படிகங்கள் சிலவற்றில் தெரியும். தோட்டத்துக்குள் நுழையும் முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மண் இன்னும் முழுமையாக அடங்கவில்லை; குண்டாசாங்கின் சில சாலைகளிலும் சுவர்களிலும் காணும் விரிசல்கள் மெல்ல நகரும் நிலத்தின் அடையாளம்.

கிழக்கே ரானாவ் பக்கத்தில் மாமுட் செப்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. கினபாலுவின் கிரானைட் உருவான அதே காலத்துக் கற்குழம்பு கொண்டுவந்த செம்பு அது. இப்போது அங்கே எஞ்சியிருப்பது அமிலம் கலந்த நீர் தேங்கிய பெருங்குழி. பொதுமக்கள் சுற்றிப்பார்க்கும் இடம் அன்று. சாலையிலிருந்து திசையைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரமும் கால்களில் தெம்பும் இருந்தால் போரிங் வெந்நீர் ஊற்றுக்குப் போங்கள். மழைநீர் நிலப்பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. எரிமலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. லேசான கந்தக வாடை வீசும். தொட்டியில் நிரப்பும்போது வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்துவிடாமல் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் திறங்கள். ஊற்று நீர் நேரடியாக உடல் தாங்காத சூடு. வார இறுதியிலும் மலேசியப் பொது விடுமுறையிலும் தொட்டிகளுக்குக் கூட்டம் அலைமோதும் என்பதால், வார நாள் காலையில் போவது நல்லது.